போர்க்காலச் சரக்கு விமானக் குழுவினரின் நினைவுகள்: மூன்று விதமாகச் சொல்லப்படும் ஒரு பயணத்தை எப்படிப் பதிவுசெய்வது?

கேள்வி: பெரியப்பாவின் நினைவுகளை எழுதிவருபவர்

அனைவருக்கும் வணக்கம்.

என் பெரியப்பா இந்திய விமானப்படையின் டகோட்டா விமானங்களில் ஃபிளைட் சிக்னலராக, அதாவது வானொலித் தொடர்பைக் கவனிக்கும் பொறுப்பில், பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1962-ஆம் ஆண்டு சீனப் போர் மூண்டபோது அவருக்கு வயது 22. அப்போது நேஃபா என்று அழைக்கப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் மலைநிலைகளுக்கு, ஜோர்ஹாட் தளத்திலிருந்து உணவுப்பொருள், தோட்டா, மண்ணெண்ணெய், கம்பளி ஆகியவற்றைக் கொண்டுசென்று வானிலிருந்து இறக்கும் பணியில் அவருடைய குழு இருந்தது. 1971 டிசம்பர் 11 அன்று, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாங்காயிலில் நம் பாராசூட் படையின் 2-ஆவது பட்டாலியன் குதித்தபோது அங்கே பறந்த சுமார் 50 சரக்கு விமானங்களில் ஒன்றிலும் அவர் இருந்தார். கடந்த ஓராண்டாக அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து எழுதிவருகிறேன்.

நாங்கள் எல்லோரும் அவரிடம் கேட்க விரும்புவது 1971-ஐப் பற்றித்தான். பூங்லி பாலத்தைக் கைப்பற்றி, மைமன்சிங்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தான் படைப்பிரிவின் வழியை அடைத்த அந்த நாளைப் பற்றி அவர் நான்கு வாக்கியங்களில் பேசி முடித்துவிடுகிறார். ஆனால் 1962 அக்டோபரின் ஒரு பயணத்தை, யாரும் கேட்காமலேயே, மீண்டும் மீண்டும் சொல்கிறார். இறக்க வேண்டிய இடத்துக்குப் போனார்கள்; இறக்காமல், ஏற்றிச்சென்ற மூட்டைகள் அத்தனையையும் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார்கள். பறந்த பயணங்களைக் குறித்துவைக்கும் அவருடைய லாக் புக்கில் அந்த நாளுக்கு எதிரே பறந்த நேரமும் 'டி.என்.சி.ஓ.' என்ற சுருக்கமும் மட்டுமே இருக்கின்றன.

என்னுடைய சிக்கல் இதுதான். அந்தப் பயணத்தை அவர் மூன்று விதமாகச் சொல்கிறார். ஒருமுறை, கீழே எந்த அடையாளமும் இல்லை, இறக்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் விரிக்கும் துணியும் இல்லை, புகையும் இல்லை என்றார். இன்னொருமுறை, புகை இருந்தது, ஆனால் விரித்திருக்க வேண்டிய துணி அடையாளம் மட்டும் இல்லை என்றார். மூன்றாவது விதத்தை ஒரே ஒருமுறைதான், இரவு வெகுநேரம் கழித்துச் சொன்னார்: கீழே ஒரு மனிதர் தனியாக நின்றுகொண்டிருந்தார் என்று. வயது 80-ஐக் கடந்தவரிடம் 'நீங்கள் முன்பு வேறுமாதிரி சொன்னீர்களே' என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினால் மற்ற இரண்டையும் நான் பொய்யாக்கிவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது. சரக்கு விமானங்களில் பணியாற்றியவர்களோ, அப்படிப்பட்டவர்களிடம் பேசிப் பதிவுசெய்தவர்களோ இங்கே இருந்தால் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற ஃபிளைட் இன்ஜினியர்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டுமுறை படித்தேன். நான் 1964-இல் விமானப்படையில் சேர்ந்து, முதலில் பாக்கெட் (சி-119) என்ற சரக்கு விமானங்களிலும் பிறகு ஏ.என்.-12 சரக்கு விமானங்களிலும் ஃபிளைட் இன்ஜினியராக இருந்தவன். 1962 போரில் நான் இல்லை. ஆனால் உங்கள் பெரியப்பா பறந்த அதே மலைகளில், அவரைப் போன்ற மூத்தவர்களிடம் வேலை கற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் பறந்திருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சுருக்கம். 'டி.என்.சி.ஓ.' என்றால் ஏற்றுக்கொண்ட பணி நிறைவேற்றப்படவில்லை என்று பொருள். வானிலை மோசமானாலும் அதையே எழுதுவோம், இன்ஜினில் கோளாறு என்றாலும் அதையே எழுதுவோம், தரையிலிருந்து உரிய அடையாளம் கிடைக்காமல் திரும்பினாலும் அதையே எழுதுவோம். அந்த நான்கு எழுத்தை எழுதிய கைக்கு அன்றிரவு உறக்கம் வந்ததா என்பதை லாக் புக் சொல்லாது.

அடுத்து, இறக்கும் வேலை எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் மூன்று கதைகள் ஏன் வருகின்றன என்பது உங்களுக்குப் புரியலாம். மலைப்பகுதியில் நமக்குக் கொடுக்கப்படும் இறக்கப்பகுதி, நாங்கள் டி.இசட். என்று சொல்வது, பல இடங்களில் 300 மீட்டர் நீளம்கூட இருக்காது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நொடியில் 55 மீட்டரைக் கடந்துவிடும். அப்படியானால் அந்த இடத்தின்மேல் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து அல்லது ஆறு நொடிகள். மணி அடித்ததும் கதவருகே அடுக்கிவைத்த மூட்டைகளைத் தள்ள வேண்டும். மறுமணி அடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்துத் தள்ளிய மூட்டை பள்ளத்தாக்கில் போய்விழும். பிறகு விமானம் மலைகளுக்கிடையே திரும்பி, மறுபடி அதே கோட்டுக்கு வர வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றினால்தான் ஒரு டகோட்டா காலியாகும். 1962-இல் நேஃபாவின் நம்கா சூ ஆற்றுக்கு மேலே, 14,000 அடிக்கும் உயரமான சாங்தர் இறக்கப்பகுதியில் போட்டவற்றில் பெரும்பகுதி சரிவில் உருண்டு, கீழே காத்திருந்தவர்கள் கைக்கு எட்டாமலே போனது. அதைப் பற்றி மூத்தவர்கள் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

இப்போது இந்தச் சுற்றுகளில் யார் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். கேப்டன் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து எதிரே வரும் மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். துணைவிமானி வேகமானியையும் இன்ஜின் முட்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். சிக்னலரின் இருக்கை விமானி அறைக்குப் பின்னால், வானொலிப் பெட்டிகளுக்கு எதிரே இருந்தது. அங்கிருந்து அவர் பார்த்தது மிகக் குறைவு, காதில் விழுந்ததே அதிகம். பின்னால் கதவைக் கழற்றிவிட்ட வாசலில் நின்றவர்கள் மூட்டை தள்ளும் எஜெக்ஷன் குழுவினர். அவர்கள் விமானப்படையினர் அல்லர், தரைப்படையின் வழங்கல் பிரிவைச் சேர்ந்தவர்கள். கீழே இருப்பதை உள்ளபடி பார்த்தவர்கள் அவர்கள்தான். ஆகவே 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்பதற்கு முன்னால் 'அந்தச் சுற்றில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்' என்று கேளுங்கள். உங்கள் பெரியப்பா சொல்லும் மூன்றில் ஏதோ ஒன்று அவர் கண்ணால் கண்டதாகவும், ஏதோ ஒன்று ஹெட்போனில் கேட்டதாகவும், ஏதோ ஒன்று தரையிறங்கிய பிறகு பிறர் சொன்னதாகவும் இருக்கலாம். 60 ஆண்டுகளில் மூன்றும் அவருக்குச் சொந்த நினைவாகவே ஆகியிருக்கும். அது பொய் ஆகாது. ஒரு விமானத்தில் பறந்தவர்களுக்குக் கண்ணும் காதும் பொதுவாகிவிடும்.

திரும்பக் கொண்டுவந்த சுமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாமே எடையில்தான் நினைவில் நிற்கும். பாக்கெட்டிலும் ஏ.என்.-12-இலும் பின்வழியாகச் சரக்கு நகரத் தொடங்கியதும் விமானத்தின் மூக்கு மேலே தூக்கும். விமானி கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பார். சுமை வெளியேறிய நொடியில் விமானம் ஒரு மூச்சு விட்டதைப் போல மேலே எழும். அந்த எழுச்சியை உடம்பு ஒருபோதும் மறக்காது; வேலை முடிந்தது என்பதற்கு அதுவே எங்களுக்கு அடையாளம். அது இல்லாமல், போனபோது இருந்த அதே கனத்தோடு தரையில் சக்கரம் படும்போது ஏற்படும் உணர்வை நான் இரண்டுமுறை அறிந்திருக்கிறேன், அதுவும் அமைதிக்காலத்தில், வெறும் மேகமூட்டத்தால். கீழே ஆட்கள் எதிரியால் சூழப்பட்டிருக்கும்போது அப்படித் திரும்பியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க மட்டுமே முடியும்.

1971-ஐப் பற்றி அவர் ஏன் குறைவாகப் பேசுகிறார் என்று நீங்கள் வியந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் வியப்பில்லை. அன்று கொண்டுபோனவற்றைக் கொண்டுசேர்த்துவிட்டார்கள். பெரிய காரியங்கள் எல்லாம் எங்களிடையே இரண்டு வரியில் முடிந்துவிடும். 1962 அக்டோபர் 25 அன்று சண்டிகரிலிருந்து லடாக்கின் சுஷுலுக்கு ஏ.என்.-12 விமானங்களில் ஏ.எம்.எக்ஸ்.-13 டாங்குகளைக் கொண்டுபோனார்கள். ஒரு டாங்கின் எடை 13 டன்னுக்குக் குறையாது. இறங்கும் தளமோ கடல்மட்டத்திலிருந்து 14,000 அடிக்கு மேல். சுமை அதிகம் என்பதால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டு போன பயணம் அது. அதில் இருந்த ஒரு மூத்தவரிடம் கேட்டபோது, 'ஏற்றினோம், கட்டினோம், இறக்கினோம்' என்றார். அதே மூத்தவர், பிறிதொரு நாள் ஒரு சங்கிலிக்கொக்கி நடுவானில் தெறித்ததைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார்.


பதில்: போர் வரலாற்று வாசகர்

மேலே ஐயா சொன்னது மிகவும் முக்கியமானது. அதோடு சேர்த்துப் பார்க்கத்தக்க ஒரு நிகழ்வை மட்டும் சொல்கிறேன். உங்கள் பெரியப்பாவின் கதையைப் படித்ததிலிருந்து அதுவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 19 அன்று, நெதர்லாந்தின் ஆர்னெமில் சூழப்பட்டிருந்த பிரிட்டிஷ் வான்வழிப் படையினருக்குப் பொருள் இறக்கச் சென்ற டகோட்டாக்களில் ஒன்றை ஃபிளைட் லெப்டினன்ட் டேவிட் லார்ட் ஓட்டினார். இலக்கை அடைவதற்கு முன்பே வலப்பக்க இன்ஜின் தீப்பற்றியது. அவர் திரும்பவில்லை. கதவருகே இருந்தவர்கள் கூடைகளைத் தள்ளினார்கள். இரண்டு உருளைகள் மீதமிருப்பதாகத் தெரிந்ததும், எரியும் இறக்கையோடு இன்னொரு சுற்று வந்து அவற்றையும் இறக்கச் செய்தார். அதன் பிறகே குழுவினரைக் குதிக்கச் சொன்னார். ஆனால் நொடிகளில் இறக்கை முறிந்தது. உயிர் பிழைத்தவர் ஒருவரே: வழிகாட்டும் பணியில் இருந்த ஹாரி கிங். அவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, போர் முடிவதை ஒட்டி விடுதலையாகி வந்து சொன்ன பிறகுதான் விமானத்தின் உள்ளே நடந்தது வெளியுலகுக்குத் தெரிந்தது. 1945 நவம்பரில் லார்டுக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. ஒரே ஒருவரின் நினைவு இல்லாவிட்டால் அந்த விமானம் பிற நூற்றுக்கணக்கான விமானங்களைப் போல ஓர் எண்ணாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இதில் என்னை வருத்துவது வேறொன்று. அவர்கள் உயிரைக் கொடுத்து இறக்கிய இடம் அதற்குள் ஜெர்மானியர் வசமாகியிருந்தது. கீழே இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் துணியை வீசியும், புகை எழுப்பியும், கத்தியும் வேறிடத்தில் போடச்சொல்லி அடையாளம் காட்டினார்கள். வானிலிருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. பொருள்களின் பெரும்பகுதி எதிரியிடமே போய்ச்சேர்ந்தது. உங்கள் பெரியப்பாவின் கேப்டன் அடையாளம் இல்லாத இடத்தில் இறக்க மறுத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட கசப்பான பட்டறிவுகள் இருந்தன. அன்று அவர் இறக்கியிருந்தால், நிலை ஏற்கனவே விழுந்திருக்கும் பட்சத்தில், அந்தத் தோட்டாக்கள் நம்மவர்கள்மீதே திரும்பியிருக்கலாம். இதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாததாக இருக்காது.

லார்டின் விமானத்தில் மூட்டை தள்ளிய நான்கு பேரும் தரைப்படையினர், நால்வரும் இறந்தார்கள். விமானியின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது, இவர்களுடைய பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் இதே நிலைதான். 1947 டிசம்பரில், காஷ்மீர்ப் போரின்போது முற்றுகையிலிருந்த பூஞ்சில் அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுதளத்தில் டகோட்டாவை இறக்கியவர் ஏர் கமடோர் மெஹர் சிங் என்பதும், 1948 மே 24 அன்று லடாக்கின் லேயில் முதன்முதலாக இறங்கியவரும் அவரே என்பதும், அந்த விமானத்தில் ஜெனரல் திம்மையா அமர்ந்திருந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். காற்றழுத்தம் காக்கும் வசதியும், பனி உறைவதைத் தடுக்கும் கருவியும் இல்லாத விமானங்களில், ஏறத்தாழ ஓராண்டு பூஞ்சை வான்வழியாகவே உயிரோடு வைத்திருந்தவர்களில், இரவில் கதவருகே நின்று குண்டுகளைக் கையால் உருட்டித் தள்ளியவர்கள் யார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியப்பா நினைவில் வைத்திருக்கும் எஜெக்ஷன் குழுவினரின் பெயர்களை, பட்டப்பெயராக இருந்தாலும் சரி, உங்கள் கையெழுத்துப்படியில் எழுதிவையுங்கள். பொதுவெளியில் போட வேண்டியதில்லை; குடும்பப் பதிவில் இருந்தால் போதும்.


பதில்: ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்

நான் 1971-இல் கிழக்கு முனையில் காயமடைந்தவர்களைக் கொண்டுவரும் விமானங்களில் சென்றவன். முதலில் பதிலளித்தவர் சொன்னவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். எல்லா நினைவும் எடையில் நிற்கும் என்று அவர் சொன்னார். எங்களுக்கு அது ஓசையில் நின்றது. டகோட்டாவின் உள்ளே இரண்டு இன்ஜின்களின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது. நாடியை விரலால் மட்டுமே பார்க்க முடியும். பக்கச்சுவர்களில் அடுக்கடுக்காகத் தொங்கிய தூக்குப்படுக்கைகளுக்கிடையே குனிந்து, மணிக்கட்டு மணிக்கட்டாகத் தொட்டுக்கொண்டே போவேன். மார்பில் காயம்பட்டவர் இருந்தால் உயரே போகக்கூடாது, ஏனெனில் உயரம் கூடக்கூட உடலுக்குள் சிக்கிய காற்று விரியும். கேப்டனிடம் சொல்வோம், அவர் தாழ்வாகவே ஓட்டுவார். இன்றும் யாருடைய கையைக் குலுக்கினாலும் என் விரல்கள் தாமாக நாடியைத் தேடுகின்றன.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களில் பலரிடம் 'பயந்தீர்களா' என்று கேட்டால் 'இல்லை' என்போம். அதோடு பேச்சு நின்றுவிடும். 'என்ன கேட்டது' என்று கேட்டால் நிறுத்த முடியாமல் பேசுவோம். உங்கள் பெரியப்பா சிக்னலர், அவருடைய போர் முழுவதும் காதில் நடந்தது. அன்று அவர் தரைநிலையத்தை அழைத்தாரா, பதில் வந்ததா, வராமல் இருந்தபோது ஹெட்போனில் என்ன இருந்தது என்று கேளுங்கள். மூன்றாவது கதையை அவர் இரவில் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பகலில் கேட்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.


பதில்: வாய்மொழி வரலாறு தொகுப்பவர்

முறையைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று விதங்களையும் ஒன்றாக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் அவர் சொன்ன தேதியோடு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். எதை அவர் கண்டார், எதைக் கேட்டார், எதைப் பின்னர் அறிந்தார் என்பதைத் தனித்தனியே குறியுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள். விமானத்தின் உட்புற வரைபடம் ஒன்றை அச்சிட்டு அவர் முன்னால் வைத்து, விரலால் காட்டச் சொல்லுங்கள். சொல்லில் குழம்புகிற நினைவு, இடத்தைத் தொட்டதும் தெளிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

லாக் புக்கில் வெறும் நேரம்தான் இருக்கிறது என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்த நேரமே ஒரு சான்று. அதே இடத்துக்குச் சென்று சரக்கை முழுவதும் இறக்கிவந்த பிற நாள்களின் நேரங்களை எடுத்து, இந்த நாளின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். போய்வருவதற்கு மட்டும் ஆகும் நேரத்தைக் கழித்தால், இறக்கப்பகுதியின்மேல் அவர்கள் எவ்வளவு நேரம் சுற்றினார்கள் என்பது கிடைத்துவிடும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டு வர விரும்பினேன்.

முதலில் கணக்கு. அதே இறக்கப்பகுதிக்குப் பெரியப்பா அந்த மாதத்தில் நான்குமுறை போயிருக்கிறார். சரக்கு முழுவதையும் இறக்கிய பயணங்கள் 3 மணி 20 நிமிடம், 3 மணி 30 நிமிடம் என்று பதிவாகியிருக்கின்றன. திரும்பிவந்த நாளில் 2 மணி 35 நிமிடம். போய்வர மட்டும் ஏறக்குறைய 2 மணி 5 நிமிடம் ஆகும் என்று அவரே சொன்னார். ஆக, அரை மணிநேரம் அவர்கள் அங்கே சுற்றியிருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, 'அவ்வளவு நேரமா? நான் ஐந்து நிமிடம் என்றே நினைத்திருந்தேன்' என்றார்.

டகோட்டாவின் உட்புற வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் வானொலி இருக்கையில் விரலை வைத்தார். முதல் சுற்றில் அங்கேதான் இருந்திருக்கிறார். தரைநிலையத்தை அழைத்துக்கொண்டே இருந்தாராம். மலைகளில் மோதி வரும் கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லையாம். துணியும் இல்லை, புகையும் இல்லை என்பது கேப்டன் இண்டர்காமில் சொன்னது. அதன் பிறகு கேப்டன், பின்னால் போய்க் கதவிலிருந்து பார்த்துச் சொல்லும்படி பணித்திருக்கிறார். பெரியப்பாவின் விரல் வரைபடத்தில் மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்து, இடப்பக்கக் கதவில் வந்து நின்றது. விமானம் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் அந்தக் கதவு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. இடுப்பில் கட்டிய பட்டையை எஜெக்ஷன் குழுவைச் சேர்ந்த ஒரு நாயக் பிடித்துக்கொண்டார். அவருடைய பெயரையும் ஊரையும் பெரியப்பா உடனே சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். அந்தச் சுற்றில்தான் புகையைக் கண்டிருக்கிறார். காற்றின் திசையைக் காட்ட மூட்டும் மெல்லிய வெண்புகையாக அது இல்லை. பதுங்குகுழிகள் இருந்த பக்கத்திலிருந்து கறுப்பாக எழுந்தது.

ஆகவே முதல் இரண்டு விதங்களும் ஒரே பயணத்தின் இரண்டு சுற்றுகள். இத்தனை மாதங்களாக அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இதற்காக இங்கே முதலில் பதிலளித்த ஐயாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவதை நான் கேட்கவில்லை. மருத்துவ உதவியாளர் ஐயா சொன்னபடி, பகலில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வரைபடத்தை மடித்துவைத்துவிட்டேன். அன்றிரவு அவரே அதை எடுத்துவரச் சொன்னார். மறுபடி விரலைக் கதவில் வைத்தார். அடுத்த சுற்றில் இன்னும் தாழ்வாக வந்தார்களாம். துணி விரித்திருக்க வேண்டிய திட்டில் ஒரு மனிதர் நின்றிருக்கிறார். சீருடையின் நிறத்தைப் புகையில் பிரித்தறிய முடியவில்லை. கையில் ஆயுதம் இருந்ததா என்பதும் தெரியவில்லை. நம்மவரா, மற்றவரா என்று கேப்டன் இண்டர்காமில் இரண்டுமுறை கேட்டார். பெரியப்பா இரண்டுமுறையும் 'தெரியவில்லை, சார்' என்றே சொன்னார். கேப்டன் மேலும் ஒரு சுற்று உயரமாக வந்து பார்த்துவிட்டு விமானத்தைத் திருப்பினார். ஜோர்ஹாட்டில் இறங்கும்வரை யாரும் பேசவில்லை. அந்த நாயக் மட்டும் கதவருகே மூட்டைகளின்மேல் அமர்ந்து, அவிழ்த்த கட்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டே வந்தாராம்.

அந்த மனிதர் உங்களைப் பார்த்துக் கையசைத்தாரா என்று கேட்டேன்.

'அது தெரியவில்லை' என்றார் பெரியப்பா. 'நான் அசைத்தேன்.'